ஆறு மாதக் குழந்தைக்கு வீட்டிலேயே சாப்பாடு: மாவு மில் முதல் ஃப்ரிட்ஜ் வரை

மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் மனைவியின் மகப்பேறு விடுப்பும் முடிந்தது. 2017-ல் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். பிரசவத்துக்கு முந்தின நாள் வரை வேலைக்குப் போன பெண்ணுக்கு அது சரியாக ஆறு மாதம். தாய்ப்பால் மட்டும் போதும் என்கிற காலம் தீர்ந்து இணை உணவு ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில்தான் அம்மா ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். அதனால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குழந்தைச் சாப்பாட்டுத் துறை எனக்கும் என் மாமியாருக்கும் வந்து சேர்ந்தது.

என்ன கொடுக்கலாம் என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, மருந்துக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் வரை ஆளுக்கொரு செய்முறை வைத்திருக்கிறார்கள். கேழ்வரகு, பருப்பு சாதம், நேந்திரங்காய்ப் பொடி, எல்லாம் நல்லதுதான். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் குழந்தை வாய்க்குப் போவதற்கும் நடுவில் அந்தச் சாப்பாடு எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எதில் அரைபட்டது என்று யாரும் பேசுவதில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பல நேரம் அந்த நடுவில்தான் வருகிறது. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், ரெசிப்பி தேடி வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், எப்போது ஆரம்பிப்பது. உலக சுகாதார அமைப்பு சொல்வது ஆறு மாதம் முடிந்த பிறகு, தாய்ப்பாலையும் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடர்ந்தபடியே. எங்கள் டாக்டர் தேதியோடு குழந்தையையும் பார்க்கச் சொன்னார்: கழுத்து நின்றிருக்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், ஸ்பூனை நாக்கால் வெளியே தள்ளுவது நின்றிருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்ததால் ஆரம்பித்தோம்.

முதல் வேலை கேழ்வரகு. இதற்கு இரண்டு வழி உண்டு. ராத்திரி ஊறவைத்து, காலையில் அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பால் எடுத்துக் காய்ச்சுவது ஒன்று. முளைகட்டி மாவாக்கி வைத்துக்கொள்வது இன்னொன்று. பாலில் சக்கை போய்விடும், கஞ்சி வழவழவென்று வரும், ஆனால் தினமும் அந்தத் துணியைத் துவைத்து வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு கொடியில் கிடக்கும் பிழிதுணியைவிட அழுக்கான பொருள் சமையலறையில் வேறு இருக்காது. நான் மாவுக்குப் போனேன்.

அரைக் கிலோ கேழ்வரகு வாங்கினோம். அதற்கு மேல் வாங்காதீர்கள், மழைக்காலத்தில் மாவு சீக்கிரம் கெட்டுப்போகும். முறத்தில் புடைத்து, கல் அரித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, எட்டு மணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றினோம். பிறகு கொதிநீரில் போட்டு எடுத்த பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, வடிதட்டில் வைத்து, தட்டால் மூடினோம். திருநெல்வேலிச் சூட்டுக்கு மறுநாளே வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். இங்கே மூக்குதான் கருவி. பச்சை வாசனை, புல் வாசனை வந்தால் சரி. புளித்த வாடையோ, பிசுபிசுப்போ, சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி பூஞ்சையோ கண்ணில் பட்டால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது, பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது.

முளைத்ததை வலைத்துணி போட்டு மூடி மொட்டைமாடியில் காயவைத்தோம். கையில் அள்ளினால் சலசலவென்று உதிர வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால் மாவு கட்டிதட்டும். காய்ந்ததும் உள்ளங்கையில் தேய்த்தால் முளை வேர் உதிர்ந்துவிடும், புடைத்துத் தள்ளிவிடலாம். பிறகு வாணலியில் கை பொறுக்கும் சூட்டில் லேசாகப் புரட்டினோம். கருக வறுக்கவில்லை, ஏன் என்று கீழே வருகிறேன்.

அடுத்தது மாவு மில். எங்கள் தெரு மில்லில் நான்கு மிஷின், ஆனால் ராகிக்கும் மல்லி, மிளகாய்க்கும் ஒரே மிஷினைத்தான் ஓட்டுகிறார்கள். எங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் அந்தக் காரத்தில் ஒரு கைப்பிடி நம் மாவோடு வரும். அதனால் அத்தை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ பச்சரிசி கொண்டு வரும்வரை காத்திருந்து, அவர் அரைத்து முடித்த பிறகு நம்முடையதைப் போடச் சொன்னார். முதலில் விழுகிற இரண்டு பிடி மாவை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, மில்காரர் வீட்டு மாட்டுக்குப் போயிற்று. மிஷினில் காரம் ஒட்டியிருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. கோதுமையும் நிலக்கடலையும் அதே மிஷினில் அரைபட்டிருக்கலாம், வீட்டில் ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் மில் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண ராகி மாவு இருக்க முளைகட்டுவது எதற்கு என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அதனால் கடையில் வாங்கிய மாவு இரண்டு ஸ்பூன், எங்கள் மாவு இரண்டு ஸ்பூன், தனித்தனியாக ஒரே அளவு தண்ணீரில் கரைத்து ஒரே தீயில் காய்ச்சினேன். கடை மாவு களி மாதிரி இறுகிக் கரண்டியை நிற்கவைத்தது. எங்கள் மாவு கரண்டியிலிருந்து ஒழுகியது. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை வெட்டி இளக்கிவிடுகிறது. இதில் குழந்தைக்கு என்ன லாபம்? ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி சாப்பாட்டிலிருந்து வர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. வயிறோ சின்னது. சாதா மாவைக் குழந்தை விழுங்கும் பதத்துக்கு இளக்கினால் தண்ணீர்தான் வயிற்றை நிரப்பும். முளைகட்டிய மாவில் அதே இளக்கத்துக்கு இன்னும் இரண்டு ஸ்பூன் மாவு கூடுதலாகப் போடலாம்.

லேசாக மட்டும் புரட்டியதற்குக் காரணமும் இதுதான், நன்றாகச் சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும். காய்ச்சும்போதும் பச்சைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள், 50 முதல் 70 டிகிரிக்குள்தான் அது வேலை செய்யும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் முளைகட்டிய பாடெல்லாம் வீண். அப்புறம் கட்டாயம் ஐந்தாறு நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், ஏனென்றால் தானியம் முளைக்கிற அதே ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் சேர்ந்து வளர்ந்திருக்கும். முளைகட்டிய மாவை வெந்நீரில் கலக்கி அப்படியே கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அது வேண்டாம்.

பதம் எப்படி என்றால், ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாக நழுவி விழ வேண்டும், தண்ணீர் போல ஓடக் கூடாது. பாட்டில் நிப்பிளில் இறங்குகிற கஞ்சி கஞ்சியே இல்லை என்பது என் கட்சி. நாங்கள் பாட்டில் வாங்கவே இல்லை, கிண்ணம், ஸ்பூன், சின்ன டம்ளர் அவ்வளவுதான். பாட்டில் கழுத்தில் படிகிற கஞ்சிப் படலத்தைத் தினமும் எவன் தேய்ப்பான்?

பாத்திரம் என்று வந்தபோது நிறைய நேரம் எடுத்தது மிக்ஸி ஜார். சட்னி ஜாரையே கழுவிவிட்டு உபயோகிக்கலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சரி என்று ஜாரைக் கவிழ்த்து, மூடியின் ரப்பர் வாஷரை ஒரு ஊசிமுனையால் நெம்பி எடுத்துப் பார்த்தேன். வாஷர் உட்காரும் பள்ளம் முழுக்கக் கறுப்பாக, வழவழவென்று ஒரு வளையம். பிளேடுக்கு அடியில் டூத்பிக் விட்டால் தேங்காய்த் திப்பி. தினமும் பளபளவென்று கழுவிக் கவிழ்க்கிற ஜார்தான் அது. குழந்தைக்கென்று தனியாக ஒரு சின்ன ஜார் வாங்கினோம். ஒவ்வொரு முறையும் வாஷரைக் கழற்றிச் சோப்புப் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தைத் தேய்த்து, ஜாரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று விட்டு, அலசி, வெந்நீர் ஊற்றிக் கொட்டி, துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுவோம். துடைக்கிற துணிதான் கிருமியின் அடுத்த வீடு. வாஷரை மட்டும் வாரம் ஒரு முறை கொதிக்கவைக்கிறேன், அடிக்கடி கொதித்தால் தளர்ந்துவிடும்.

ஆனால் மிக்ஸி ஆரம்பத்துக்கு மட்டும்தான். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு ஸ்டீல் வடிகட்டியில் கரண்டியால் தேய்த்தெடுத்தோம், அப்புறம் மத்து. எட்டு ஒன்பது மாதத்திலும் பசை போல அரைத்தே கொடுத்தால் திப்பி திப்பியாக மெல்லப் பழகுவது தள்ளிப்போய், பிறகு ஒரு பருக்கை கண்டாலே துப்புகிற பிள்ளையாகிவிடும்.

பருப்பு சாதத்துக்கு இரண்டு பங்கு பச்சரிசி, ஒரு பங்கு சிறுபருப்பு, ஒரு துண்டு கேரட் அல்லது மஞ்சள் பூசணி. நம் சாதம் வைக்கும் குக்கருக்குள் சின்ன மூடி போட்ட பாத்திரத்தில் இதையும் வைத்தால் கேஸும் மிச்சம், தனி வேலையும் இல்லை. இறக்கியபின் அரை ஸ்பூன் நெய். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, கருப்பட்டியும் இல்லை. மஞ்சள் ஒரு சிட்டிகை போடுவதாக இருந்தால் விரலி மஞ்சள் வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். நிறம் கூட்ட மஞ்சளில் ஈயக் குரோமேட் கலப்பதைப் பங்களாதேஷில் ஆய்வு செய்து கண்டுபிடித்தார்கள், ஈயம் பிஞ்சு மூளைக்குக் கேடு.

இனி சூடு. இதற்காகச் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன், குச்சி மாதிரி குத்திப் பார்க்கிற டிஜிட்டல் வகை. அத்தை, "என்ன மாப்ள, பச்சப்புள்ள சோத்துக்குப் போய் காய்ச்சல் பாக்கீக?" என்று சிரித்தார். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும், சமைத்த சாப்பாடு அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? மூடிய டம்ளரில் வைத்த கஞ்சி ஒரு மணி நேரம் கழித்தும் 50-ஐ ஒட்டியே நின்றது. அதே கஞ்சியை அகலமான ஸ்டீல் தட்டில் பரப்பி, தட்டைக் குளிர்ந்த தண்ணீர் மேல் வைத்தால் பத்து நிமிடத்தில் 40-க்குக் கீழே. ஆழத்தைக் குறைப்பதுதான் சூட்சுமம், ஃபேன் காற்றில்கூட வைக்க வேண்டாம், தூசிதான் விழும்.

சாதத்தில் இது இன்னும் முக்கியம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், வேகவைத்தாலும் அவை சாகாது. வெதுவெதுப்பில் விட்டால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினால் பாக்டீரியா சாகும், வாந்தி உண்டாக்குகிற அந்த நஞ்சு சாகாது. காலையில் வடித்ததை மத்தியானம் சூடு பண்ணிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதே காரணத்தால்தான் ஃபிளாஸ்க்கில் கஞ்சி வைப்பதும் வேண்டாம் என்கிறேன். காலையில் ஊற்றி வைத்து மதியம் எடுத்தால் இளஞ்சூடாகக் குழந்தைக்குத் தோதாக இருக்கும், ஆனால் குழந்தைக்குத் தோதான சூடு கிருமிக்கும் தோதானது. தென்காசி, கோவில்பட்டி என்று பஸ்ஸில் போகும்போது தோலோடு வாழைப்பழம் எடுத்துப் போகிறோம், போன இடத்தில் உரித்து மசித்தால் வேலை முடிந்தது. அல்லது இறங்கிய இடத்தில் ஹோட்டலில் ஆவி பறக்கும் இட்லி.

ஃப்ரிட்ஜையும் சோதித்தேன். ஒரு டம்ளர் தண்ணீரை ராத்திரி முழுக்க உள்ளே வைத்து, காலையில் அந்தத் தண்ணீரின் சூட்டைப் பார்த்தால் போதும். கதவுத் தட்டில் வைத்தது 9 டிகிரி காட்டியது, நடுத்தட்டில் பின்பக்கச் சுவரை ஒட்டி வைத்தது 4. குழந்தை டப்பாக்கள் அன்றிலிருந்து பின்பக்கம் குடியேறின, மேலே, மூடியோடு, பச்சை மீனுக்கும் கழுவாத கீரைக்கும் கீழே இல்லாமல். ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், அதற்கு மேல் இல்லை. இது என் கணக்கு, கொஞ்சம் கறாரானது. சாதத்தையும் கஞ்சியையும் நாங்கள் சேமிப்பதே இல்லை, அவ்வப்போது வைப்பதுதான்.

பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி, பட்டாணி மட்டும் இட்லிச் சட்டியில் வேகவைத்து மசித்து, மூடி போட்ட ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்போம். கட்டியானதும் டப்பாவுக்கு மாற்றி, தேதி எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டினால் ஒரு மாதம் வரும். ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ எடுத்து, கிண்ணத்தில் போட்டு ஆவியில் சூடு பண்ணி, கலக்கி, நடுவில் 70 டிகிரிக்கு மேல் போனதா என்று பார்த்து, பிறகு ஆறவைத்துக் கொடுப்போம். கீரையை இப்படிச் சேமிக்கவில்லை. அதிலுள்ள நைட்ரேட், வைத்திருக்க வைத்திருக்க நைட்ரைட்டாக மாறுகிறது, அது குழந்தைக்கு ஆகாது. அன்று சமைத்தது அன்றே, அதுவும் சூட்டோடு.

கரண்ட் கட்டுக்கு ஒரு உபாயம்: ஃப்ரீசரில் ஒரு கிண்ணம் தண்ணீரை உறையவிட்டு மேலே ஒரு ரூபாய்க் காசு வையுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது காசு கீழே இறங்கியிருந்தால் எல்லாம் ஒரு முறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது, கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒரே சண்டை எங்களுக்குள் மிச்சச் சாப்பாட்டில் வந்தது. எச்சில் பட்ட ஸ்பூன் உள்ளே போன கிண்ணத்தை மூடி வைத்துச் சாயங்காலம் கொடுக்கக் கூடாது, எச்சிலோடு போன கிருமி அதில் வளரும். அத்தைக்குச் சோற்றைக் கொட்ட மனசே வராது. கடைசியில் இப்படி முடிவாயிற்று: பெரிய பாத்திரத்திலிருந்து சுத்தமான கரண்டியால் இரண்டு ஸ்பூன் மட்டும் குழந்தைக் கிண்ணத்தில் எடுப்பது, இன்னும் வேண்டுமென்றால் மறுபடி எடுப்பது. கிண்ணத்தில் மிஞ்சுவதை அத்தையோ நானோ அங்கேயே சாப்பிட்டுவிடுவோம். உப்பில்லாத பருப்பு சாதத்துக்கு நாக்கு நன்றாகவே பழகிவிட்டது.

இரும்புச் சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, அதில் பேச்சே இல்லை. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது, முளைகட்டினால் ஓரளவு குறையும். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு இருப்பு ஆறு மாதத்தில் தீரத் தொடங்கும், தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அதனால் ஏழாம் மாதத்திலேயே முட்டை, பிறகு கோழிக்கறி வேகவைத்து அரைத்து. பருப்பு சாதத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சை அல்லது வெந்த தக்காளி சேர்த்தால் இரும்பு சேர்வது கூடும். அரசுத் திட்டத்தில் ஆறு மாதத்திலிருந்து வாரம் இரு முறை 1 மில்லி இரும்புச் சத்து சிரப் கொடுக்கிறார்கள், அங்கன்வாடியில் கேளுங்கள், ஏற்கெனவே டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு.

முட்டையை ஒரு வயது வரை தள்ளிப்போடு, கடலை வேண்டவே வேண்டாம் என்பதெல்லாம் பழைய கதை. லண்டனில் நடந்து 2015-ல் முடிவு வெளியான லீப் என்ற ஆய்வில், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள 640 குழந்தைகளில் சீக்கிரமே நிலக்கடலை சாப்பிட்டவர்களுக்குக் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. நாங்கள் முட்டையை முழுக்க வேகவைத்து, கால் ஸ்பூனில் ஆரம்பித்து, காலை நேரத்தில் கொடுத்தோம். டாக்டர் கிடைக்கிற நேரம் அது. தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி வருகிறதா என்று இரண்டு மணி நேரம் பார்த்தோம். புதுப் பொருள் ஒரு நேரத்தில் ஒன்றுதான். கடுமையான கரப்பான் (எக்ஸிமா) இருக்கிற குழந்தைக்கு முதலில் டாக்டரைக் கேட்காமல் முட்டையும் கடலையும் தொடங்க வேண்டாம். கடலையைச் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு வறுத்துத் தோல் நீக்கி நைஸாக அரைத்துக் கஞ்சியில் கரைத்தோம். முழுக் கடலை ஐந்து வயது வரை கிடையாது, மூச்சுக்குழாயில் போய் உட்காரும்.

மூச்சடைப்புதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. திராட்சையை நீளவாக்கில் நாலாக அரிவது, பச்சைக் கேரட்டும் ஆப்பிள் துண்டும் கொடுக்காமல் இருப்பது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் நசுங்காத எதையும் தட்டில் வைக்காதது, இவ்வளவுதான் விதி. ஓங்கரித்து, முகம் சிவந்து, இருமினால் பயப்பட வேண்டாம், குழந்தை தானே சரிசெய்துகொள்ளும், விரலை விட்டுத் துழாவாதீர்கள். சத்தமே இல்லாமல், இருமல் வராமல், உதடு நீலம் பூத்தால் அதுதான் அடைப்பு. குப்புறக் கையில் தாங்கித் தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு, திருப்பி மார்பின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்தம், அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றி, இன்னொருவர் 108-க்கு அழைக்க வேண்டும். நானும் அத்தையும் துணிப் பொம்மையை வைத்துப் பழகினோம். காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துச் சங்கில் புகட்டுகிற பழக்கத்தையும் இதே காரணம் சொல்லித்தான் நிறுத்தினோம்.

வீட்டுக்குள் வரவிடாதவை சில. தேன், ஒரு வயது வரை ஒரு சொட்டும் இல்லை, அதில் இருக்கக்கூடிய போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்து நாம் கொதிக்கவைக்கிற சூட்டில் சாகாது. இந்தப் பக்கம் பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கிற ‘சேனை’ வழக்கம் உண்டு, எங்கள் வீட்டில் தாத்தா வெறும் விரலைக் காட்டிவிட்டுப் போனார். வசம்பு உரசிப் புகட்டுவதும் இல்லை, அதிலுள்ள பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். பசும்பால் குடிக்க ஒரு வயதுக்குப் பிறகு. தயிர் கொஞ்சம் சோற்றில் பிசைவது சரி.

இப்போது ஒன்பது மாதம் நடக்கிறது. மூன்று வேளை, நடுவில் ஒரு பழம். தனிச் சமையல் ஏறக்குறைய நின்றுவிட்டது, சாம்பாருக்குப் பருப்பும் காயும் வெந்ததும் புளி, உப்பு, பொடி போடுமுன் அவளுக்கு ஒரு கரண்டி எடுத்துவிடுகிறோம். அவளே கையால் அள்ளித் தின்கிறாள், அதனால் சாப்பாட்டுக்கு முன் எங்கள் கையோடு அவள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவது சேர்ந்துகொண்டது, அதுதான் இப்போதைக்கு நாளின் கடினமான வேலை. அடுத்த அரைக் கிலோ கேழ்வரகு ஊறிக்கொண்டிருக்கிறது. இந்த முறை மில்லில் வியாழக்கிழமை காலை முதல் ஆளாகப் போகலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார், அன்றைக்குத்தான் மிஷினைத் திறந்து துடைப்பார்களாம்.